கை நனைக்காத மூன்று வாரம்

எம்.எஸ்.டபிள்யூ. நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர், சமூகப் பணியை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டார். பி.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு வருடம் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்திருந்தேன். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் திட்டுவார். இந்தப் படிப்பில் களப்பணி என்று ஒன்று உண்டு, வெளியே சுற்றலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்று கூட வேலை செய்த பெண் சொல்லியிருந்தாள். அதை அப்படியே சொல்ல முடியாது. ஏழை எளிய மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே ஆசை என்றேன். மூவரும் தலையாட்டினார்கள். என் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் அவர்கள் முன்னால்தான் இருந்தன. அந்த ஏழை எளிய மக்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று அதில் விலாசத்தோடு எழுதியிருந்தது. ஒருவரும் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை.

முதல் பருவத்தில் கொள்கைகள் சொல்லிக் கொடுத்தார்கள். உதவி கேட்டு வருபவருக்குக் கிளையன்ட் என்று பெயர். அவரை அவர் இருக்கிறபடி ஏற்றுக்கொள்ள வேண்டும். அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அறிவுரை கொடுக்கக் கூடாது. அவர் பேசாமல் இருந்தால் நாமும் பேசாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் மௌனமும் ஒரு பதில். இதையெல்லாம் பழகுவதற்கு வகுப்பில் இரண்டு நாற்காலி போட்டு நடித்துக் காட்டச் சொல்வார்கள். ஒருத்தர் பணியாளர், இன்னொருத்தர் கிளையன்ட். இரண்டு வருடமும் நான்தான் கிளையன்ட். கணவனை இழந்தவள், ரேஷன் கார்டு இல்லாதவள், குடிகாரன் பெண்டாட்டி, எல்லாம் நான். உனக்குத்தான் இயல்பாக வருகிறது என்று வகுப்பே சொன்னது. பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அதற்காகக் கோபப்பட்டால், எதற்காகக் கோபம் என்று விளக்க வேண்டியிருக்கும். அதனால் அடுத்த வாரமும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

எங்களுக்குக் களப்பணி மேற்பார்வையாளராக இருந்த மேடம் வெளியூர்க்காரர். நல்ல மனுஷி, கண்டிப்பானவர். கசங்காத பருத்திப் புடவை கட்டுவார். முதல் வருடம் முடிந்து, ஒரு மாதம் தொடர் களப்பணிக்கு எங்களை அனுப்புவதற்கு முன்னால் எல்லோரையும் உட்கார வைத்து ஒன்று சொன்னார். போகிற இடத்தில் எந்தக் கிளையன்ட் வீட்டிலும் கை நனைக்கக் கூடாது. தண்ணீர்கூடக் கூடாது. பாட்டிலில் எடுத்துப் போங்கள்.

இந்த விதிக்கு ஒரு காரணம் இருந்தது. எங்களுக்கு முந்தைய செட்டில் ஒரு பையன் ஒரு வீட்டில் கோழிக் குழம்பு சாப்பிட்டிருக்கிறான். சாப்பிட்ட கையோடு அவர்களுக்குத் தொகுப்பு வீடு வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். அவர்கள் அஸ்திவாரத்துக்குக் கல் இறக்கிவிட்டு, கல்லூரி வாசலில் வந்து அவனைக் கேட்டார்கள். அன்றிலிருந்துதான் இந்த விதி.

மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் தெருவைக் காலனி என்பார்கள். அதற்கு ஒரு பெயர்ப் பலகை உண்டு, அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. அம்மா கரும்பு வெட்டப் போகும்போது தன் டம்ளரைப் பையில் வைத்து எடுத்துப் போவாள். மறந்துவிட்டுப் போனால் கையில் ஊற்றுவார்கள். நானும் பள்ளிக்கூட லீவில் கூடப் போய்க் கையில் வாங்கிக் குடித்திருக்கிறேன். அதனால் சாப்பாட்டுக்குப் பின்னால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். சோறு போடுபவர்கள் ஊரைக் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொன்னால் அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டார்கள். சாப்பிடவே கூடாது என்று கல்லூரியே சொல்லிவிட்டால் அந்த மூன்று கேள்வியும் வராது. மேடம் எனக்காகவே யோசித்துப் போட்ட விதி மாதிரி இருந்தது.

எனக்குக் கல்வராயன் மலையில் போட்டார்கள். காலையில் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினால் கச்சிராயபாளையம் தாண்டி, வளைவு வளைவாக மேலே போய், வெள்ளிமலைக்குக் கொஞ்சம் முன்னால் இறங்க வேண்டும். அங்கே ஒரு தொண்டு நிறுவனம் இருந்தது. அதன் வேலை, பத்தாவதோடு நின்றுபோன பிள்ளைகளைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது. எனக்கு ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். மலையில் தோளில் பை மாட்டிய பெண் யார் போனாலும் டீச்சர்தான். நான் டீச்சர் இல்லை என்று முதல் நாள் நான்கு பேருக்கு விளக்கினேன். அப்படியா டீச்சர் என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

பட்டியலில் இருந்த ஒரு பெண்ணைத்தான் என் முதன்மை கேஸாக எடுத்தேன். பத்தாவது நல்ல மார்க்கில் தேறியிருந்தாள். பிளஸ் ஒன்னில் உயிரியல் எடுத்து, அப்புறம் நர்ஸ் ஆக வேண்டும் என்று நினைத்திருந்தாள். பக்கத்தில் அந்தப் பிரிவு இல்லை. கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் படித்தால் முடியும். விடுதியில் இடமும் இருந்தது. விண்ணப்பம் கொடுத்துச் சேர மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை கடைசி நாள். அது தவறினால் அடுத்த வாரம் நூல் மில்லுக்கு ஆள் எடுக்க வேன் வரும், அதில் ஏறிவிடுவாள். அவள் சித்தப்பா மகள் போன வருடம் அப்படித்தான் போனாள். திரும்பி வந்தபோது கல்யாணப் பேச்சுதான் நடந்தது, படிப்புப் பேச்சு நடக்கவில்லை. அப்பா கர்நாடகாவில் காப்பித் தோட்டத்தில் இருந்தார். ஆக, கையெழுத்துப் போட வேண்டியது அம்மா.

அந்த அம்மாவுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். நறுக்கென்று பேசுவார். வேலை செய்துகொண்டேதான் பேசுவார். முதல் நாள் நான் போனதும் என்னை வீட்டுக்கு உள்ளே கூப்பிட்டு, பாய் போட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். பாட்டில் இருக்குதுக்கா என்று என் பாட்டிலை எடுத்துக் காட்டினேன். இரண்டாம் நாள் பலாப்பழம். சூடு ஆகாதுக்கா என்றேன். மூன்றாம் நாள் களியும் கீரையும். சாப்ட்டுட்டுதான் வந்தேங்க்கா என்றேன். அப்புறம் தினமும் அதே பதில்தான். அந்த அம்மா தட்டை உள்ளே எடுத்துப் போவார். மத்தியானம் பஸ் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து, அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிடுவேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மலையில் பாறைக்குப் பின்னால் என்று ஓர் இடம் கிடையாது, எல்லாப் பக்கமும் முன்பக்கம்தான். ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு இது தெரியும். எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த வீட்டுக்கு எதிரிலேயே அந்த அம்மாவின் நாத்தனார் வீடு. புருஷனுக்கு அக்கா. தம்பி ஊரில் இல்லாதபோது குடும்பத்தில் அக்கா சொல்வதுதான் சட்டம். நான் போகும் நேரமெல்லாம் அவர் வாசலில் முறத்தோடு உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் தட்டை வேண்டாம் என்று சொல்லும்போது நன்றாகச் சிரிப்பார். இரண்டாவது வாரக் களப்பணி ரெக்கார்டில் அதை எழுதினேன். "குடும்பச் சூழல் சாதகமாக உள்ளது. குறிப்பாக நாத்தனாரின் ஒத்துழைப்பு உண்டு. எப்போதும் சிரித்த முகம்." மேடம் அந்த வரியின் ஓரத்தில் டிக் போட்டிருந்தார். நல்ல கவனிப்பு என்று பக்கத்தில் எழுதியும் இருந்தார். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. என்றைக்காவது எனக்குத் தலைக்கனம் வந்தால் எடுத்துப் பார்ப்பேன்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து எடுத்துக்கொண்டு போனேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அந்த அம்மா மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். பெண் உள்ளே சுவரோரம் நின்றிருந்தாள். அழுத முகம்.

"அனுப்பல டீச்சர்" என்றார் அந்த அம்மா. "மில்லுக்கே போவட்டும்."

வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி நான் பதறவில்லை. உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, "இந்த முடிவுக்கு வர்றதுக்கு என்ன காரணமா இருக்கும்னு நீங்க நினைக்கிறீங்கக்கா?" என்று கேட்டேன்.

அவர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா கேக்குற நீ?"

டீச்சர் போய் நீ வந்துவிட்டது. நான் மௌனத்துக்குப் போனேன். மௌனமும் ஒரு பதில். அவரும் மௌனமாகக் கிழங்கு உரித்தார். இரண்டு கிழங்கு முடிந்தது. மூன்றாவது கிழங்கில் என்னால் முடியவில்லை.

"ஏன்க்கா, நல்ல மார்க்கு வாங்கியிருக்குது. விடுதில எல்லாமே இலவசம். நான்தான் கூட இருந்து சேர்த்து வுடுறேன்னு சொல்றேனே."

"அதான். உன்கூட எப்டி அனுப்புறது? எங்க வூட்ல ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேங்குற."

"அது எங்க காலேஜ் ரூல்ஸ்க்கா."

"மில்லு ஆளு வந்தாரு. தோ அங்கதான் குந்துனாரு. களியும் கொழம்பும் ரெண்டு தரம் வாங்கித் துன்னாரு. ஊறுகா இருக்குதாம்மான்னு கேட்டாரு. ஊசி போட வர்ற நர்ஸம்மா இங்க வந்துதான் மோர் வாங்கிக் குடிக்குது. அவங்களுக்கெல்லாம் இல்லாத ரூல்ஸு உனக்கு மட்டும் இன்னா?"

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். என்னை மேல் தெருப் பெண் என்று நினைத்துவிட்டார். மலைக்காரர் வீட்டில் சாப்பிட மாட்டேன் என்று நான் ஒதுங்குவதாக எண்ணியிருக்கிறார். ஒரு பக்கம் சிரிப்பாக வந்தது. என்னைப் போய் யாரோ அப்படி நினைத்திருக்கிறார்கள். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் சுவரோரம் அந்தப் பெண் நின்றிருந்தாள். வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. அதனால், யாரும் கேட்காமல் என் வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சொன்னேன்.

"அக்கா, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. நாங்க காலனி."

"தெரியும்" என்றார்.

கிழங்குத் தோலைக் கூடையில் தள்ளிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை.

"மொத நாளே தெரியும். நீ வந்த பஸ்ஸுல எங்க ஊரு ஆளு ஒருத்தரு இருந்தாரு. பலாப்பழம் கொண்டாந்து உங்க தெருவுலதான் விப்பாரு. உங்க அம்மாவ நல்லாத் தெரியும் அவருக்கு. அன்னிக்குச் சாயங்காலமே எங்க நாத்தனா வந்து சொல்லிச்சு, அவள வாசல்லயே நிக்க வையி, உள்ள வுடாதன்னு. நான் கேக்கல. நம்ம புள்ளைக்கு நல்லது பண்ணணும்னு பஸ்ஸேறி வருது, நான் உள்ளதான் குந்த வப்பேன், என் தட்டுலதான் சோறு போடுவேன்னேன். பெரிய சண்ட. போன் போட்டு எங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லி, அவரு அங்கருந்து கத்துறாரு. கத்துனா கத்திக்கோன்னு வச்சிட்டேன். தெனமும் போட்டேன். தெனமும் நீ சாப்ட்டுட்டேன், சாப்ட்டுட்டேன்னு சொன்ன. அங்க பாறைக்குப் பின்னால குந்திக்கினு நீ துன்றத ஆடு ஓட்டிக்கினு போற புள்ளைங்க பாத்துட்டு வந்து ஊரெல்லாம் சொல்லுதுங்க. எங்க நாத்தனா என்னப் பாத்து சிரிக்கிறா. 'நீ போடுறேன் போடுறேன்னு நின்ன, அவளே உன் வூட்டுத் தட்டத் தொட மாட்டேங்குறா பாரு'ன்னு சிரிக்கிறா. மூஞ்ச எங்க வச்சிக்கிறது நானு? இப்ப உன்ன நம்பி புள்ளய அனுப்புறேன்னு எந்த வாயால அவகிட்ட சொல்றது?"

எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. வாங்கிக் குடித்த கை எனக்குத் தெரியும். ஊற்றுபவருக்கும் ஒரு மானம் உண்டு, அதற்காக ஒருத்தர் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு நிற்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்காக அதுவரை யாரும் அப்படி நின்றதில்லை. நின்றவரை நான் மூன்று வாரம் தினமும் அவமானப்படுத்தியிருந்தேன், அதுவும் மரியாதையாக, அக்கா போட்டு. இரண்டு பருவத்தில் எட்டுத் தாள் எழுதித் தேறியிருந்தேன். அதில் ஒன்றும் அப்போது கைகொடுக்கவில்லை.

"சோறு போடுங்கக்கா" என்றேன்.

"இப்ப இன்னா இருக்குது? சட்டியக் கழுவிக் கவுத்தாச்சு" என்றார். "நாளைக்கு வா."

மறுநாள் காலையில் டிபன் பாக்ஸ் வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். ஏன் என்றாள். அங்கேயே சாப்பாடு என்றேன்.

"ஆபீஸ்லயா?"

"இல்ல. ஒருத்தர் வூட்ல."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "தெரிஞ்சிதான் போடுறாங்களா?"

"தெரிஞ்சிதான்."

"வெளியவா, உள்ளயா?"

"உள்ள."

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் டிபன் பாக்ஸைக் கட்டிப் பையில் வைத்துவிட்டாள். பஸ்ஸில்தான் பார்த்தேன். கடைசியில் அதை நடத்துநரிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். பாக்ஸை மட்டும் சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அந்த அம்மா பாய் போட்டு வைத்திருந்தார். கதவை ஒருக்களித்து வைப்பது வழக்கம், அன்றைக்கு இரண்டு பக்கமும் விரியத் திறந்திருந்தது. எதிர் வீட்டிலிருந்து பார்த்தால் என் தட்டு, என் கை, என் வாய் மூன்றும் தெரியும்படி பாயை வாசலுக்கு நேராகப் போட்டிருந்தார். கேழ்வரகுக் களி இரண்டு உருண்டை, மேலே கீரைக் குழம்பு. நாத்தனார் முறத்தை வைத்துவிட்டு எழுந்து நின்றார். நான் சாப்பிட்டேன். எனக்குக் களி பிடிக்காது. எங்கள் வீட்டில் அம்மா கிண்டினால்கூட ஏதாவது சாக்குச் சொல்லிக் கடையில் பரோட்டா வாங்கிக்கொள்வேன். இரண்டு உருண்டையும் இறங்கியது. தட்டு காலியானதும் அந்த அம்மா, தெருவுக்கே கேட்கிற குரலில், "இன்னொன்னு வைக்கட்டா?" என்றார். வேண்டாம் என்று சொல்லும் உரிமையை நான் மூன்று வாரத்தில் தீர்த்துவிட்டிருந்தேன். வையுங்க என்றேன்.

நாத்தனார் சிரிக்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் மனம் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அதற்குப் பிறகு நான் அங்கே போன நாளெல்லாம் அந்தக் கதவு சாத்தித்தான் இருந்தது. அந்த அம்மா விண்ணப்பத்தை வாங்கி, பெண் காட்டிய இடத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பேரை எழுதினார். எழுதி முடித்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பெண்ணிடம் கேட்டார். சரியாகத்தான் இருந்தது.

அன்றைய ரெக்கார்டில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். மூன்று உருண்டை என்பது வரைக்கும் எழுதினேன். மேடம் அந்தப் பக்கம் முழுவதும் சிவப்பு மையில் கேள்விக்குறிகள் போட்டு, தொழில்முறை எல்லை மீறப்பட்டுள்ளது என்று கீழே எழுதினார். களப்பணி மதிப்பெண் குறைந்தது. பிற்பாடு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு அந்த விதி எப்படிப் பட்டிருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை என்று சொன்னார். மதிப்பெண்ணை மாற்றவில்லை. விதியையும் மாற்றவில்லை. இப்போது நான் வேலை பார்க்கும் இடத்துக்கே மாணவிகளைக் களப்பணிக்கு அனுப்புகிறார்கள், பாட்டிலோடுதான் வருகிறார்கள்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாவும் பெண்ணும் என்னோடு பஸ்ஸில் கீழே வந்தார்கள். விடுதியில் ஒரு தகரப் பெட்டியும் ஒரு பக்கெட்டும் இறக்கினோம். காப்பாளர் கையெழுத்துகளைப் பார்த்துவிட்டு, பெண்ணைத் தன்னோடு உள்ளே அழைத்துக்கொண்டு போனார். பெண் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மா கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார். அழுவார் என்று நினைத்தேன். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, மலைக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். மத்தியான வண்டி போய்விட்டது, அடுத்தது நாலரைக்குத்தான் என்றேன்.

"உங்க வூடு எங்க இருக்குது?"

"பக்கத்துலதான்."

"வா, போவலாம். பசிக்குது எனக்கு."

பஸ் நிலையத்தில் ஓட்டல் இருக்கிறது, நல்லா இருக்கும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மூன்று வாரத்தில் எனக்கு ஏறாத புத்தி அந்த நொடியில் எப்படியோ ஏறியது. சரிங்கக்கா என்றேன்.  பத்து நிமிட நடை. எங்கள் தெரு திரும்பும் இடத்தில் அவர் நடை குறைகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். என் நடைதான் குறைந்திருந்தது.

அம்மாவுக்கு அன்றைக்கு வேலை இல்லை, வீட்டில் இருந்தாள். நான் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். மலையிலிருந்து வருகிறார்கள், அந்தப் பிள்ளையின் அம்மா என்றேன். வாங்க வாங்க என்று எங்கள் வீட்டின் ஒரே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, துண்டால் துடைத்துப் போட்டாள். போட்ட கையோடு விடுவிடு என்று வெளியே போனாள். எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியும். தடுக்க நினைத்தேன், அதற்குள் தெருமுனைக் கடைக்குப் போய்விட்டாள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கணக்கெடுக்க வருபவர், ஓட்டுக் கேட்க வருபவர், லோன் விஷயமாக வருபவர், யார் வந்தாலும் கடையிலிருந்து மூடி திறக்காத கலர் சோடா பாட்டில் ஒன்று வாங்கி வருவோம். அவர்கள் கண் முன்னாலேயே கொடுப்போம். அவர்களே திறந்துகொள்வார்கள். எங்கள் கை உள்ளே படவில்லை என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லிக் கொடுக்காமலேயே தெருவில் அத்தனை பேரும் தேறியிருந்தோம்.

அம்மா ஆரஞ்சு கலர் பாட்டிலோடு வந்தாள். மூடியை அவர் பார்க்கும்படி திருப்பி நீட்டினாள். அந்த அம்மா வாங்கினார். ஒரு தரம் பாட்டிலைப் பார்த்தார், ஒரு தரம் அம்மாவைப் பார்த்தார். திறக்காமல் காலடியில் ஓரமாக வைத்தார்.

"சோறு இல்லியா?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள்.  

"சோறு இருக்குதுங்க" என்றாள் அம்மா. குரல் சின்னதாகிவிட்டது. "கொழம்புதான் நேத்து வச்சது. சுண்ட வச்சிருக்கேன். உங்களுக்கு ஆவுமான்னு..."

"ஊத்து. நேத்துக் கொழம்புதான் நல்லா இருக்கும்."

அந்த அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அம்மா தட்டைக் கழுவினாள். கழுவிய தட்டை மறுபடியும் கழுவினாள். சோற்றைப் போட்டாள். குழம்பு ஊற்றிவிட்டு, சுவரோடு ஒட்டிப் போய் நின்றுகொண்டாள். வகுப்பில் நான் உட்கார்ந்து நடித்தேனே, அந்தப் பெண்களில் ஒருத்தியும் அப்படி நிற்கவில்லை. எனக்கு அது நடிக்கத் தெரிந்திருக்கவில்லை.

அந்த அம்மா பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். 

"உப்பு கம்மி" என்றார்.

அம்மா ஓடிப் போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்தாள். அவர் எடுத்துப் போட்டுப் பிசைந்து, இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். நாலரை வண்டிக்கு நான் கொண்டுபோய் ஏற்றிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா எதிர் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். என் அம்மாவின் சமையலை அதுவரை வெளியாள் ஒருத்தரும் குறை சொன்னதில்லை. சாப்பிட்டிருந்தால்தானே சொல்வதற்கு. அன்றைக்கு ஆரம்பித்து ஒரு மாதம், தண்ணீர்க் குழாயடியில், ரேஷன் கடை வரிசையில், கரும்புக் காட்டில், ஒருத்தர் விடாமல் எல்லோரிடமும் அம்மா அதைச் சொன்னாள்.

"மலையிலருந்து ஒரு அம்மா வந்தாங்க. எங்க வூட்ல குந்தி சாப்ட்டாங்க. உப்பு கம்மின்னுட்டாங்க."